பெற்றோர் கூடவே இருந்தால் அது முகாம் ஆகுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நான்கு குடும்பங்கள், எட்டுப் பெரியவர்கள், நான்கு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை ஒன்பது பிள்ளைகள். விடுமுறைக்குக் கோடை முகாமில் சேர்க்க நினைத்தீர்கள். சின்னவர்களை அத்தனை நாள் தனியே விட மனம் வரவில்லை, எல்லாருக்கும் கட்டணம் கட்டவும் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஏரிக்கரையில் பெரிய வீடாக ஒன்று எடுத்து, ஐந்து நாள் சேர்ந்து தங்கி, நீங்களே முகாம் மாதிரி நடத்தலாமா என்று யோசிக்கிறீர்கள். என்னென்ன நிகழ்ச்சிகள் வைக்கலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'நாங்கள் எல்லாரும் அங்கேயே இருக்கும்போது அவர்களுக்கு அது முகாமாகத் தோன்றுமா, வழக்கமான சுற்றுலாவாகவே போய்விடுமா' என்று, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு வழி கிடைத்துவிட்டால் பட்டியல் பெரிய விஷயமே இல்லை.

நான் பதினோரு வருடம் பிள்ளைகள் முகாம்களில் வேலை செய்தவன். முதலில் ஓர் அறைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக இருந்தேன், பிறகு முழு முகாமின் அன்றாடத்தைத் திட்டமிடும் வேலைக்கு வந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு மூன்று நண்பர் குடும்பங்களோடு சேர்ந்து ஏழு கோடைகள் நீங்கள் சொல்வதையே செய்து பார்த்தோம். முதல் இரண்டு வருடம் அது நல்ல சுற்றுலாவாக இருந்தது, முகாமாக இல்லை. மூன்றாம் வருடம்தான் பிடிபட்டது. கீழே எழுதுவதில் ஆய்வு சொல்வது எது, நான் பார்த்ததை வைத்துச் சொல்வது எது என்று அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன். ஏழு கோடைகள், அதே நான்கு குடும்பங்கள்; அதை வைத்து எல்லாருக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சரி, முகாம் என்றால் என்ன? கூடாரம், தீமூட்டல், படகு எல்லாம் இருந்தும் சப்பென்று போன முகாம்களைப் பார்த்திருக்கிறேன். அவை எதுவும் இல்லாமல் ஒரு பழைய பள்ளிக்கட்டடத்தில் நடந்து, பிள்ளைகள் கிளம்பும்போது அழுத முகாமையும் பார்த்திருக்கிறேன். கோடை முகாமின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1861-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்தது. ஃபிரெடரிக் கன் என்ற ஆசிரியரும் அவர் மனைவியும் தங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே கடற்கரைக்குப் போய், அங்கே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். கூடப் போன பெரியவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், ஆனால் அப்பா அம்மா இல்லை. என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வீட்டில் ஒரு பிள்ளை 'பயந்தாங்கொள்ளி' என்றோ 'சமத்து' என்றோ 'எதையும் முடிக்காதவன்' என்றோ ஏதாவது ஒரு பெயரோடுதான் வளர்கிறது. நாம் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நம் முகம் சொல்லிவிடும். முகாமில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பிள்ளை புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிவது அதனால்தான்.

ஆக, உங்கள் ஐந்து நாளும் முகாமாக வேண்டுமென்றால் முதல் வேலை ஒன்றுதான்: பகலில் சில மணி நேரமாவது யாரும் தன் சொந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாக இருக்கக்கூடாது. பிள்ளைகளை மாற்றிக்கொள்ளுங்கள். காலை உணவு முடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை உங்கள் மகன் இன்னொரு வீட்டு மாமாவின் குழுவில், அவர் மகள் உங்கள் குழுவில். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்வது கஷ்டம்.

எங்கள் மூன்றாம் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் கூடார முளையை அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியல் அவன் கைக்குக் கொஞ்சம் கனம். நான்கு அடியில் மூன்று குறி தப்பியது, நாலாவதில் முளை சாய்ந்தது. அவன் அப்பா இருபது அடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் ஒவ்வொரு முறை தவறவிடும்போதும் அவர் நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். பையனும் ஒவ்வொரு முறையும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். குழுவுக்குப் பொறுப்பாக இருந்த அத்தை பையன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, 'முளையை உன் பக்கம் சாய்க்காமல் கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்துப் பாரேன்' என்று மட்டும் சொன்னார். நான் அந்த அப்பாவைக் கூப்பிட்டு, சமையலறைக்குத் தண்ணீர் தூக்கலாம் வாருங்கள் என்று கூட்டிப் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பும்போது முளை இறங்கியிருந்தது. பையன் அடுத்த முளைக்குப் போயிருந்தான், நாங்கள் வந்ததை அவன் கவனிக்கவே இல்லை. அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது அப்பாவுக்குக் காட்டவேண்டிய வேலையாக இருந்தது. அவர் போனபிறகுதான் அவன் வேலையாக ஆனது.

அதனால் 'கண்ணில் படாத இடம்' என்று ஒன்றைப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள். பொறுப்பில் இல்லாத பெற்றோர் வீட்டுக்குள்ளேயோ பின்பக்கத்திலோ இருக்கட்டும். பிள்ளை அழுதுகொண்டு ஓடிவந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்தப் பொறுப்பாளரிடமே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று இடையில் வாங்கிக்கொண்டால் மாற்றிக்கொண்டதற்கு அர்த்தமே இல்லை.

மாற்றிக்கொள்வதற்கு முன்னால், வீட்டிலிருந்து கிளம்புவதற்கும் முன்னால், பெரியவர்கள் எட்டுப் பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டியவை உண்டு. யார் யாரைக் கண்டிக்கலாம், எந்த அளவுக்கு? எங்கள் ஒப்பந்தம் இப்படி: பொறுப்பில் இருப்பவர் நிறுத்தச் சொல்லலாம், விளையாட்டிலிருந்து சற்று நேரம் விலக்கி உட்கார வைக்கலாம். அதற்கு மேல் எதுவும் சொந்தப் பெற்றோரிடம்தான் போகும். கை நீட்டுவது யாருக்கும் கிடையாது, சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் அங்கே கிடையாது. ஒவ்வாமை, மாத்திரை, இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கம், தண்ணீர் பயம், நாய் பயம் எல்லாவற்றையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டையில் எழுதி ஒரே இடத்தில் வையுங்கள். மற்றவர் பிள்ளையைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புதான் இதில் ஆபத்து.

இன்னொன்றும் இருக்கிறது, பேசச் சங்கடமானது. குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள்தான். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதனால் நல்ல முகாம்களில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய கதவுக்குள் தனியாக இருக்கக்கூடாது என்பது மாறாத விதி. உங்கள் நண்பர்கள் தங்கமானவர்களாகவே இருக்கட்டும், விதி எட்டுப் பேருக்கும் பொதுவாக இருக்கட்டும். உடை மாற்ற, குளிக்க உதவி வேண்டிய சின்னவர்களுக்குச் சொந்தப் பெற்றோரே செய்யட்டும். 'அப்பா அம்மாவிடம் சொல்லக்கூடாத ரகசியம் இங்கே எதுவும் கிடையாது' என்று பிள்ளைகளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாங்கள் இதை ஐந்து நிமிடத்தில் பேசி முடித்தோம். பேசுவதற்கு முன்புதான் தயக்கம் இருந்தது, பேசியபின் எல்லாருக்கும் நிம்மதிதான்.

குழு பிரிப்பதற்கு வருகிறேன். குடும்பம் குடும்பமாகப் பிரிக்காதீர்கள், வயது வாரியாகவும் பிரிக்காதீர்கள். ஒன்பது பிள்ளைகளை மூன்று மூன்றாக, ஒவ்வொரு மூன்றிலும் ஒரு பெரிய பிள்ளை, ஒரு நடுப்பிள்ளை, ஒரு சின்னது என்று கலந்து பிரியுங்கள். கூடப்பிறந்தவர்களை வேறு வேறு குழுவில் போடுங்கள். சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சுமார் இருபது பையன்களோடு நடத்திய முகாமிலும் பையன்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் இன்றுவரை அந்தச் சிறு அணி முறையை விடவில்லை. வயது கலந்த குழுவில் சின்னது தன்னால் தனியே முடியாததைப் பெரியவன் கைபிடித்துச் செய்கிறது. பெரியவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்று கண்டுகொள்கிறான். தன் தங்கைக்குச் செருப்பு மாட்டிவிட முகம் சுளிக்கும் பிள்ளை, அடுத்த வீட்டுத் தங்கைக்குக் குனிந்து மாட்டிவிடுவதை நான் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன்.

அணிகளுக்குள் போட்டி வைக்கலாமா? கொஞ்சம் வைக்கலாம், ஐந்து நாளும் புள்ளி போட்டுக்கொண்டே போகாதீர்கள். 1954-ல் முசாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் பதினொரு வயதையொட்டிய 22 பையன்களை இரண்டு அணியாக்கி ஒரு கோடை முகாம் நடத்தினார். பரிசுப் போட்டிகள் தொடங்கியதும் திட்டு, கொடி எரிப்பு, அறைக்குள் புகுந்து கலைப்பது என்று போனது. சேர்ந்து விளையாட விடுவதும் சேர்ந்து சாப்பிட வைப்பதும் பகையைத் தணிக்கவில்லை. நின்றுபோன தண்ணீரை வரவழைப்பது, நகராத வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது போன்ற, எல்லாரும் கைகொடுத்தால்தான் முடியும் வேலைகள் வந்தபோதுதான் தணிந்தது. இந்த ஆய்வை அப்படியே வேதவாக்காக எடுக்கவும் கூடாது. ஆய்வாளர்களே மோதலைத் தூண்டும் விதமாக எல்லாவற்றையும் அமைத்திருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் வேறு இடத்தில் செய்த இதே மாதிரி முயற்சியில் பையன்கள் எதிர்பார்த்தபடி சண்டைக்குப் போகவில்லை, அது பாதியில் நின்றது. ஆனால் பொது வேலை பிள்ளைகளைச் சேர்க்கும் என்ற பகுதியை நான் என் கண்ணால் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் முகாமில் நிஜமான வேலைகள் சில இருக்கட்டும். விறகு சேர்ப்பது, தண்ணீர் தூக்குவது, ஒருவேளைச் சமையல் முழுக்கப் பிள்ளைகள் பொறுப்பு. தீய்ந்துபோனாலும் அன்று அதுதான் சாப்பாடு என்று பெரியவர்கள் உறுதியாக நின்றால், மறுநாள் அவர்கள் அடுப்பை விட்டு நகரமாட்டார்கள்.

நீங்கள் கேட்ட நிகழ்ச்சிப் பட்டியலைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் இரண்டு வருடம் நாங்கள் தவறியது அங்கேதான். மணிக்கு ஒரு நிகழ்ச்சி போட்டு, பை நிறையக் கைவேலைப் பொருட்கள் வாங்கி, பெரியவர்கள் ஓடியே களைத்தோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய காரியம் போதும்: ஒரு நாள் மலையேற்றம், ஒரு நாள் படகு அல்லது மிதவை கட்டுவது, ஒரு நாள் வெளியில் கூடாரத்தில் தூங்குவது, ஒரு நாள் பிள்ளைகளே எழுதி நடிக்கும் நாடகம். மீதி நேரத்துக்கு ஒரு தாளம் வேண்டும், நிகழ்ச்சி வேண்டாம். காலையில் மணியடித்ததும் எழுவது, சாப்பிடும் முன் ஒரு பாட்டு, மதியம் ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் படுத்துக்கொண்டு படிப்பதோ எழுதுவதோ, மாலையில் குளியல், இரவில் நெருப்பைச் சுற்றிக் கதை. இவை ஐந்து நாளும் அதே நேரத்தில் நடக்கட்டும். அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளை நச்சரிக்காது. இரண்டாம் நாள் மாலைக்குள் மணியடிக்கும் வேலைக்கு அவர்களுக்குள் அடிதடி வரும். அப்போது அது அவர்களுடைய முகாம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாலை இரண்டு மணி நேரம் வெறுமையாக விடுங்கள். 'போர் அடிக்கிறது' என்பார்கள். விட்டுவிடுங்கள், அரைமணியில் ஏதாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாங்களே தேடிப்போகும் துணிச்சலான விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம் ஏறுவது, வேகம், கூர்மையான கருவிகள், தண்ணீர் நெருப்பு போன்ற ஆபத்தான இடங்களின் அருகே விளையாடுவது, கட்டிப்புரண்டு சண்டையிடுவது, பெரியவர் கண்ணிலிருந்து மறைந்து தனியே திரிவது. இந்த ஆறும் அன்றாட வீட்டு வாழ்க்கையில் பெரும்பாலும் கிடைக்காது, ஏரிக்கரையில் ஆறும் கிடைக்கும். மரம் ஏறட்டும். எட்டு வயதுக்கு மேலுள்ளவர்கள் கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும், உட்கார்ந்துகொண்டு, உடலிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவ, பக்கத்தில் ஒரு கை நீளத்துக்கு யாரும் இல்லாமல். சிராய்ப்பும் கொப்புளமும் வரும், அதற்கு முதலுதவிப் பெட்டி இருக்கிறது.

ஆனால் அந்த ஆறில் தண்ணீரை மட்டும் நான் தனியே எடுத்துவைக்கிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனமில்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் இரண்டாம் வருடம். மதியம், ஏரிக்கரை. பெரியவர்கள் ஆறு பேர் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தோம். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். ஓரடி பின்னால் வைத்ததும் தரை சட்டென இறங்கிவிட்டது. சத்தம் எதுவும் வரவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருந்தன. பார்த்தவர்களுக்கு மிதக்கப் பழகுகிறாள் என்றுதான் தோன்றும். பக்கத்தில் நின்ற பதினொரு வயதுப் பெண் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இருமினாள், அழுதாள், அவ்வளவுதான். ஆறு பெரியவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, நான் உட்பட. அத்தனை வருடம் முகாம்களில் வேலை செய்த நான் அன்று வேலையில் இல்லை என்ற நினைப்பில் இருந்தேன். இன்றும் அந்தச் சத்தமில்லாத முகம் எனக்கு நினைவிருக்கிறது.

மூழ்குவது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கும். கத்துவதும் கையசைப்பதும் இன்னும் மூச்சு மிச்சமிருப்பவர் செய்வது. உயிர்காப்பாளராகப் பல வருடம் வேலைசெய்து இதைக் கவனித்து எழுதிய ஃபிராங்க் பியா, மூழ்கத் தொடங்கியவர் நீர்மட்டத்தில் போராடும் நேரம் 20 முதல் 60 விநாடி என்கிறார். சிறு பிள்ளைகளுக்கு அதில் குறைந்த பக்கம்தான். பிள்ளைகளின் சாவுக்கு முக்கியக் காரணங்களில் மூழ்குதலும் ஒன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொல்லிவருகிறது.

பெரியவர்கள் நிறைய இருந்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. 1968-ல் டார்லி, லடானே என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதை ஹெட்ஃபோனில் கேட்டவர்கள், தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தபோது 85 சதவீதம் பேர் எழுந்து உதவி தேடினார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது 31 சதவீதம் பேர்தான். அது ஏரிக்கரைச் சோதனை இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பற்றியதும் இல்லை. அதை இங்கே கொண்டுவந்து பொருத்துவது நான். ஆனால் அன்று அந்தக் கரையில் நடந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது இது. கழுத்தில் மாட்டும் ஒரு சிவப்பு விசில். அதை மாட்டியிருப்பவர்தான் தண்ணீர்க் காவல். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை அவர் பேசமாட்டார், போனைத் தொடமாட்டார், படிக்கமாட்டார், மது எடுத்திருக்கமாட்டார், நீந்தத் தெரிந்தவராக இருப்பார். இருபது நிமிடம். அடுத்தவர் வந்து தலை எண்ணி, 'ஏழு பேர், விசில் என்னிடம்' என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொண்டால்தான் முதலாமவர் எழுந்திருக்கலாம். விசிலை வாங்க ஆளில்லை என்றால் எல்லாரும் வெளியே. நீந்தத் தெரியாத சின்னவர்களுக்கு இது போதாது, ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்கவேண்டும். படகில் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், பெரியவர்களுக்கும் சேர்த்து. காற்றடைத்த கைப்பட்டையும் மிதவை வளையமும் விளையாட்டுப் பொருட்கள், அவற்றை நம்பி யாரையும் விடாதீர்கள். இடிச்சத்தம் கேட்டதும் தண்ணீரைவிட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். கிளம்புமுன் எட்டுப் பேரில் இரண்டு பேராவது உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும். மூச்சு நின்ற பிள்ளைக்கு நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழிக் காற்றும் கொடுக்கவேண்டும், அதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, கையால் செய்து பழகவேண்டும்.

போன் விஷயம் சுருக்கமாக. பிள்ளைகளிடமிருந்து மட்டும் வாங்கி வைத்தால் நடக்காது, பெரியவர்களும் சேர்ந்து ஒரு பெட்டியில் போடவேண்டும், அவசரத்துக்கு ஒன்று வெளியே இருந்தால் போதும். 2014-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் ஒரு வெளிப்புற முகாமில் ஐந்து நாள் திரையே இல்லாமல் இருந்த 51 பிள்ளைகளைப் பார்த்தபோது, மற்றவர் முகத்திலும் உடல்மொழியிலும் உணர்வைப் படிக்கும் திறன் அவர்களுக்கு, வழக்கம்போல் இருந்த பிள்ளைகளைவிட அதிகமாக முன்னேறியிருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சின்ன ஆய்வு. திரை இல்லாததாலா, நாள் முழுக்க நண்பர்களோடு வெளியில் இருந்ததாலா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் முகாமில் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கப்போகிறது, அதனால் அந்தச் சந்தேகம் உங்களைத் தடுக்கவேண்டியதில்லை.

இரவைப் பற்றி. பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் படுக்கட்டும், அப்பா அம்மா வேறு அறையில். ஒரு சுவருக்கு அப்பால் நீங்கள் இருந்தும் சில பிள்ளைகளுக்கு வீட்டு ஏக்கம் வரும். முகாம்களில் இது எத்தனை சாதாரணம் என்று கிறிஸ்டஃபர் தர்பர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். 2007-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்துக்காக அவரும் எட்வர்ட் வால்டனும் எழுதிய அறிக்கை இரண்டு விஷயத்தை வலியுறுத்துகிறது: முன்கூட்டியே ஓரிரு இரவு வெளியே தங்கிப் பழக்குங்கள், 'பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிப்போய்விடுகிறேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கு, உன்னால் முடியாது என்று நான் நினைக்கிறேன் என்ற செய்தியைத்தான் பிள்ளைக்குச் சொல்லும். உங்கள் ஐந்து நாள், பின்னால் உண்மையான முகாமுக்குப் போக நல்ல ஒத்திகை. எங்கள் கூட்டத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி முதல் இரவு டார்ச்சை அணைக்காமல், அதன்மேல் விரலை வைத்துச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவள் அம்மா கதவருகே வந்து நின்றார். பக்கத்துப் படுக்கையிலிருந்த பத்து வயதுப் பையன் தன் டார்ச்சையும் போட்டு விரலை வைத்துக் காட்டினான். அப்புறம் இன்னொருவர். ஐந்து சிவப்பு விரல்கள். அம்மா உள்ளே போகாமல் திரும்பிவந்தார். மறுவருடம் அந்தப் பெண்தான் புதிதாக வந்த சின்னவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. உங்கள் நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதானால், அதற்கு முகாம் என்று தனியே எதுவும் தேவையில்லை. காலையில் ஒரு மணி நேரம் அண்ணன் அக்காக்களோடு சுற்றட்டும், மதியம் தூங்கட்டும், இரவு அம்மா பக்கத்தில் படுக்கட்டும். அதை வற்புறுத்திக் கூடத்தில் படுக்கவைத்தால் ஒன்பது பேர் தூக்கமும் போகும்.

பெரியவர்கள் ஏற்பாட்டில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பணக்கணக்கை முன்கூட்டியே தலைக்கணக்காகவா, குடும்பக் கணக்காகவா என்று முடிவு செய்து எழுதிவைத்துவிடுங்கள். நட்பு கசப்பது பெரும்பாலும் அங்கேதான். எட்டுப் பேரில் தினமும் இரண்டு பேருக்கு முழு விடுப்பு கொடுங்கள், அன்று அவர்கள் தூங்கலாம், நடக்கலாம், யாருக்கும் எதுவும் செய்யவேண்டாம். நாங்கள் இதைச் செய்யாத வருடங்களில் நாலாம் நாள் பெரியவர்கள் முகமெல்லாம் கடுகடுவென்று ஆனது, பிள்ளைகள் அதைக் கவனித்தார்கள்.

கடைசியாக, பதின்மூன்று வயது மகள் 'சின்னப் பிள்ளைகளோடு நான் வரமாட்டேன்' என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்பதில் மூத்தவளாக அவளைக் கூட்டிப்போய்ச் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அது அவளுக்கு விடுமுறை இல்லை, சம்பளமில்லாத வேலை. அவளோடு ஒத்த வயது நண்பி ஒருத்தியைக் கூட்டிவரச் சொல்லுங்கள். குழுத் தலைவி பொறுப்பைக் காலையில் மட்டும் வையுங்கள், மாலை முழுக்க அவர்களுடையது. எட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டு, ஒரு முழு நாளைத் திட்டமிடுவதை அவள் கையில் கொடுங்கள். அவள் போடும் திட்டம் உங்களுக்குச் சரியில்லை என்று தோன்றினாலும், தண்ணீர் விதியைத் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவள் அப்படிப் போட்ட முதல் திட்டத்தில் எல்லாரும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இருட்டில் ஏரிக்கரைக்கு நடந்து போய், போர்வையைச் சுற்றிக்கொண்டு சூரியன் வரும்வரை பேசாமல் உட்காரவேண்டும் என்று இருந்தது. ஒன்பது பிள்ளைகளை அந்த நேரத்தில் எழுப்பவே முடியாது என்று நான் நினைத்தேன். எல்லாரும் எழுந்தார்கள்.